ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது

1997 டிசம்பர் 8-ஆம் தேதி தாய்லாந்து அரசு 56 ஃபைனான்ஸ் கம்பெனிகளை ஒரே அறிவிப்பில் நிரந்தரமாக மூடியது. அதற்கு முந்தைய பத்தாண்டில் அந்த நாடு ஆண்டுக்கு 8, 9 சதவீதம் என்ற வேகத்தில் வளர்ந்திருந்தது. 1993-இல் உலக வங்கி கிழக்காசிய நாடுகளின் வளர்ச்சியை 'அதிசயம்' என்றே தலைப்பிட்டு ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. அந்த ஆய்வின் பட்டியலில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் தென்கொரியாவும் இருந்தன. நான்கே ஆண்டுகளில் மூன்று நாடுகளும் சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்றன.

அதே 1997-இல் தமிழ்நாட்டிலும் ஒரு சட்டம் வந்தது. நிதி நிறுவனங்களில் பணம் போட்டவர்களின் நலனைக் காக்கும் சட்டம். காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் அதைச் சுருக்கமாக டான்பிட் சட்டம் என்பார்கள். சென்னையில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே தேக்கு மரத் திட்டத்தில் பணம் திரட்டிய அனுபவ் பிளான்டேஷன்ஸ் விழுந்தது. தேக்கு வளர இருபது ஆண்டு ஆகும். பணம் போட்டவருக்கு வட்டி மாதாமாதம் வேண்டும்.

பாங்காக்குக்கும் சென்னைக்கும் அப்போது நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு ஊர்களிலும் பணம் மாட்டிக்கொண்ட விதம் ஒன்றுதான். தாய்லாந்துக் கம்பெனிகள் வெளிநாட்டு வங்கிகளிடம் டாலரில் சில மாதத் தவணைக்குக் கடன் வாங்கி, உள்நாட்டில் பாட் நாணயத்தில் அடுக்குமாடிகளுக்கும் வணிக வளாகங்களுக்கும் பல ஆண்டுத் தவணையில் கொடுத்தன. ஒரு டாலருக்கு 25 பாட் என்று அரசு கட்டிக் காத்த விலை நீடிக்கும்வரை லாபம் வந்தது. 1997 ஜூலை 2-ஆம் தேதி அரசு கையை விட்டது. ஆறே மாதத்தில் ஒரு டாலர் 50 பாட்டைத் தாண்டியது. அதாவது கடன் இரண்டு மடங்காகிவிட்டது. கடன் வாங்கிக் கட்டிய கட்டடமோ பாதியில் நின்றது. சென்னைக் கம்பெனிகள் டாலர் வாங்கவில்லை. ஓய்வுபெற்றவர்களிடம் ஓராண்டு, ஈராண்டு டெபாசிட்டாக வாங்கி மனையிலும் வண்டிக் கடனிலும் போட்டன. தவணை முடிந்ததும் திருப்பித் தர வேண்டிய பணம், உடனே விற்க முடியாத சொத்தில் கிடந்தது.

இந்தப் பொருத்தமின்மையை அளக்க ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு நாடு அடுத்த ஓராண்டுக்குள் திருப்பிக் கட்ட வேண்டிய வெளிநாட்டுக் கடனை, அதன் கையிருப்பில் உள்ள அந்நியச் செலாவணியோடு ஒப்பிடுவது. நூறு ரூபாய் கையில் இருக்க, கட்ட வேண்டியது நூறுக்கு மேல் என்றால், கடன் கொடுத்தவர்கள் அனைவரும் ஒரே நாளில் வந்து கேட்டால் நாடு கைவிரிக்கும். 1997-இன் நடுவில் இந்த விகிதம் தாய்லாந்துக்கு ஏறக்குறைய 145, இந்தோனேசியாவுக்கு 170, தென்கொரியாவுக்கு 206. மலேசியாவுக்கு 61 சதவீதம்தான். அதுவும் அடிபட்டது, ஆனால் நாணய நிதியத்திடம் போகாமல் தப்பித்தது. இந்த நாடுகளின் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்தால் இவ்வளவு வேறுபாடு தெரியாது. எல்லாமே நன்றாக வளர்ந்தவை.

நமக்கும் இது புதிதல்ல. 1991 மார்ச் இறுதியில் இந்தியாவின் விகிதம் 146 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் டெபாசிட்டை எடுக்கத் தொடங்கினார்கள். புதுக் கடன் கிடைக்கவில்லை. இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் மிஞ்சியது. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி 46.91 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தது. அதற்கு முன்பே 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போயிருந்தது. அந்த அவமானத்திலிருந்து நாடு பாடம் கற்றது என்று தயங்காமல் சொல்லலாம். 2025 மார்ச் இறுதியில், ஓராண்டுத் தவணைக்குள் வாங்கிய குறுகிய காலக் கடன் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். 2013 ஆகஸ்டில் ரூபாய் ஒரு டாலருக்கு 68-ஐத் தாண்டிச் சரிந்தபோதும் யாரும் தங்கத்தை ஏற்றுமதி செய்ய வேண்டியிருக்கவில்லை.

என் கவலை நாட்டின் கணக்கைப் பற்றியது அல்ல. ரிசர்வ் வங்கி முப்பது ஆண்டுகளாக ஒழுங்காகப் போட்டுவரும் இந்தக் கணக்கை, சென்னை நங்கநல்லூரில் எத்தனை வீடுகள் போடுகின்றன என்பதே.

நங்கநல்லூரின் காலனிப் பெயர்களைக் கவனித்தால் இந்த ஊரின் பொருளாதாரம் தெரிந்துவிடும். சிவில் ஏவியேஷன் காலனி, டி.என்.ஜி.ஓ. காலனி, எஸ்.பி.ஐ. காலனி, வோல்டாஸ் காலனி. மாதச் சம்பளக்காரர்கள் சொசைட்டி போட்டு, மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறிய ஊர். அவர்கள் ஓய்வுபெற்றுவிட்டார்கள். பிள்ளைகளில் பலர் பெங்களூருவிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். பழைய தனி வீடுகள் பல, பில்டரோடு ஒப்பந்தம் போட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. மெட்ரோ வந்த பிறகு மனை விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2011-இல் ஆலந்தூர் நகராட்சியோடு சேர்ந்து மாநகராட்சிக்குள் வந்த இந்தப் பகுதி, எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் வளமான பகுதி.

தமிழ்நாடும் வேகமாக வளர்கிறது. 2024-25-இல் மாநிலத்தின் உண்மை வளர்ச்சி விகிதம் இரட்டை இலக்கத்தைத் தொட்டு 11.19 சதவீதம் என்று மத்தியப் புள்ளியியல் துறை கணக்கிட்டது. பெருமைப்பட வேண்டிய எண். ஆனால் மாநிலம் 11 சதவீதம் வளர்வதற்கும், நான்காவது மெயின் ரோட்டில் இருக்கும் 74 வயதுக்காரரின் டெபாசிட் பத்திரமாக இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வளர்ச்சி வேகமாக இருக்கும் காலத்தில்தான் பணம் கேட்டு வருபவர்களும் அதிகம், நம்புபவர்களும் அதிகம்.

2024-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மயிலாப்பூர் இந்து பெர்மனண்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கப்பட்டது. 1906 அக்டோபரில் அர்பத்நாட் வங்கி திவாலாகி மதராஸின் நடுத்தரக் குடும்பங்களை உலுக்கியபோதும் அது நின்றது. அந்தத் திவாலின் விளைவாகத்தான் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் சேர்ந்து 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். ஃபண்டோ இரண்டு உலகப் போர்களையும் தாண்டி, தாத்தா போட்டார், அப்பா போட்டார், நானும் போட்டேன் என்று தலைமுறைகளாக வந்த இடம். 2024-இல் முதிர்ந்த டெபாசிட்டுகளைத் திருப்பித் தரவில்லை என்று புகார்கள் குவிந்தன. அந்த ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு அதன் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் 525 கோடி ரூபாய் அளவிலான டெபாசிட் அதில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. பெரும்பாலோர் மூத்த குடிமக்கள். குற்றம் நிரூபணமானதா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். பணம் போட்டவருக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே: முதிர்வுத் தேதியில் பணம் வரவில்லை.

நூற்றைம்பது ஆண்டுப் பழமை ஒரு பாதுகாப்பு என்று அவர்கள் நம்பியதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. நம்பிக்கையின்மேல்தான் ஃபண்டு ஆபீஸ்களே நடந்தன. ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் சட்டம் எவ்வளவு நிற்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

வங்கியில் போட்ட பணத்துக்கு டெபாசிட் காப்பீடு உண்டு. 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்ததன் பின்விளைவாக வந்த ஏற்பாடு அது. 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு. அதற்கு முன் 27 ஆண்டுகள் 1 லட்சமாகவே இருந்தது. கூட்டுறவு நகர வங்கிகளுக்கும் இது பொருந்தும். நிதி நிறுவனங்களுக்கு, அதாவது பெயரின் கடைசியில் 'நிதி லிமிடெட்' என்று முடியும் ஃபண்டுகளுக்கு, இந்தக் காப்பீடு இல்லை. ஒரு ரூபாய்க்கும் இல்லை. சீட்டு கம்பெனிக்கும் இல்லை, வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் டெபாசிட்டுக்கும் இல்லை.

ஃபண்டுகளை அன்றாடம் மேற்பார்ப்பது ரிசர்வ் வங்கி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அவை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் கீழ், நிறுவனச் சட்டத்தின் 406-ஆம் பிரிவுப்படியும் 2014-இன் நிதி விதிகளின்படியும் நடப்பவை. அந்த விதிகள் மோசமானவை அல்ல. உறுப்பினரிடம் மட்டுமே டெபாசிட் வாங்கலாம், உறுப்பினருக்கு மட்டுமே கடன் தரலாம், அதுவும் நகை, வீடு, டெபாசிட் ரசீது போன்ற ஈட்டின்மேல்தான். சொந்த மூலதனத்தைப் போல 20 மடங்குக்குமேல் டெபாசிட் வாங்கக் கூடாது. மொத்த டெபாசிட்டில் குறைந்தது 10 சதவீதம் வங்கியிலோ அஞ்சலகத்திலோ வில்லங்கமில்லாத வைப்பாக இருக்க வேண்டும். டெபாசிட் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. 2022-இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன.

ஆனால் அந்த 10 சதவீதத்தை மட்டும் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நூறு பேர் பணம் போட்ட இடத்தில், விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் நல்ல ஃபண்டிலும், உடனே எடுத்துத் தரக்கூடியதாகச் சட்டம் கட்டாயப்படுத்துவது பத்துப் பேருக்கான பணத்தை. மீதி தொண்ணூறு பேரின் பணம் நகைக் கடனிலும் வீட்டுக் கடனிலும் இருக்கிறது. தாய்லாந்தை 145-இல் நிறுத்திய அதே கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் என்ன வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லா வங்கியும்கூட அப்படித்தான் நடக்கிறது; ஆனால் வங்கிக்கு நெருக்கடி வந்தால் இரவோடு இரவாகப் பணம் தர ரிசர்வ் வங்கி இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. ஃபண்டுக்கு இரண்டும் இல்லை.

கூடுதல் வட்டிக்காகத்தானே இவ்வளவும்? அதையும் கணக்கிட்டுவிடலாம். அஞ்சலகத்திலும் வங்கியிலும் கிடைக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமானது, உச்சவரம்பும் அப்போதே 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. அதில் 10 லட்சம் போட்டவருக்கு அந்த வட்டியில் ஆண்டுக்கு 82,000 ரூபாய். வேறொரு இடத்தில் 11 சதவீதம் தருவதாக வைத்துக்கொள்வோம், 1,10,000. வித்தியாசம் ஆண்டுக்கு 28,000, மாதத்துக்கு 2,333 ரூபாய். அசல் போய்விட்டால், இந்தக் கூடுதல் வட்டியை மட்டும் வைத்து அதை ஈடுகட்ட 35 ஆண்டுகளுக்கு மேலாகும். எழுபது வயதில் போட்டவர் நூற்றைந்து வயதுவரை வாங்க வேண்டும்.

இந்த ஆபத்துக்கு ஒரு பருவம் உண்டு. வங்கி வட்டி குறையும் காலத்தில் அது பெருகும். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டி விகிதத்தை 4 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. பென்ஷனோடு டெபாசிட் வட்டியையும் நம்பி வாழ்ந்தவர்களின் மாத வரவு சுருங்கியது. அதே 2020-இல்தான் அமைந்தகரையில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் கிளம்பியது. மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, 2022 மே மாதத்துக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல்துறை வழக்கு. நங்கநல்லூர்க்காரர்கள் மாதம் 30 சதவீதத்துக்கு மயங்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். அவர்களுக்கு வலை வேறு: ஆண்டுக்கு 11 சதவீதம், தெரிந்த ஆள், கோயிலில் பார்த்த முகம், "நானே போட்டிருக்கேன் மாமா" என்ற ஒரு சொல்.

இப்போது மறுபடியும் அந்தப் பருவம். 2025-இல் மட்டும் ரெப்போ விகிதம் நான்கு தடவை குறைக்கப்பட்டு 6.5-இலிருந்து 5.25 சதவீதமானது. முதிரும் டெபாசிட்டுகளைப் பழைய வட்டிக்குப் புதுப்பிக்க முடியாமல் வங்கி கவுன்ட்டரில் முகம் வாடி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள்.

வங்கியே ஆனாலும் மொத்தப் பணத்தையும் ஓரிடத்தில் வைக்கலாகாது என்பதற்குக் கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி சாட்சி. 2020 நவம்பர் 17-ஆம் தேதி மாலை, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. பத்து நாளில் சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியோடு அது இணைக்கப்பட்டு, டெபாசிட்தாரர்கள் ஒரு ரூபாயும் இழக்காமல் தப்பினார்கள். அதே வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 318 கோடி ரூபாய் அளவுக்கு அதன் கடன் பத்திரங்கள் அப்படியே ரத்தாகின. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்களுக்கும் இதே கதி. எஃப்.டி. மாதிரிதான், வட்டி கூடுதல் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்ட மூத்த குடிமக்கள் அதில் மாட்டினார்கள். வங்கியில் போட்ட டெபாசிட்டும் வங்கி விற்ற பத்திரமும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் ஓய்வூதியர்களுக்கு மிகவும் பிடித்த இன்னோர் இடம் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனம். முழுக்க மாநில அரசுக்குச் சொந்தமானது. அரசு நிறுவனம் என்பதே அதன் பலம், அது பெரிய பலமும்கூட. ஆனால் அங்கே போடும் பணம் முக்கியமாக மின்வாரியத்துக்குக் கடனாகப் போகிறது என்பதும், வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு அதற்கு இல்லை என்பதும் பணம் போடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2025-26 இறுதியில் மாநிலத்தின் மொத்தக் கடன் 9.3 லட்சம் கோடி ரூபாயை ஒட்டி இருக்கும் என்று பட்ஜெட்டே சொன்னது. அந்த நிறுவனத்தில் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேமிப்பு முழுவதையும் போட வேண்டாம் என்கிறேன்.

அரசாங்கமே தடுமாறினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். 2019 ஜூலையில் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடு என்று தரம் உயர்த்தியது. போர் முடிந்த பின் சில ஆண்டுகள் அது 8 சதவீதத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் வரிகள் கடுமையாகக் குறைக்கப்பட்டன. பின் கொரோனா வந்து சுற்றுலா நின்றது. 2021-இல் ரசாயன உரத்துக்குத் தடை வந்தது. 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அந்நாடு அறிவித்தது. அந்த ஆண்டில் கட்ட வேண்டியது சுமார் 700 கோடி டாலர். எடுத்துச் செலவழிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் கீழே போய்விட்டதாக நிதியமைச்சரே சொன்னார். அதற்கு முந்தைய மாதமே, மார்ச் 22 அன்று, குழந்தைகளோடு 16 பேர் படகேறி ராமேசுவரம் கரைக்கு வந்துவிட்டார்கள். செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 70 சதவீதம் உயர்ந்திருந்தது. 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியத்திடம் இருந்த அரசுப் பத்திரங்கள், நீண்ட தவணையும் குறைந்த வட்டியும் கொண்ட பத்திரங்களாக மாற்றப்பட்டன. அந்தச் சுமை, வேலை செய்து ஓய்வுபெறுபவர்களின் பணத்தின்மேல் விழுந்தது. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் அதைச் சுமந்தவர்கள் நம் உறவுக்காரர்கள்.

பணக்கார நாட்டுக்கும் இதே கதி வரலாம். பசிபிக்கில் நவ்ரு என்று ஒரு சிறு தீவு நாடு. பாஸ்பேட் வெட்டி விற்று 1970-களில் உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றாக இருந்தது. அந்தப் பணத்தில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டியது. கடனைக் கட்ட முடியாமல் 2004-இல் அந்தக் கட்டடம் கைமாறியது.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது என்றால் நங்கநல்லூர் வீட்டில் என்னென்ன? மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், ஆஸ்பத்திரியில் சேரும் அன்று கேட்கும் முன்பணம், அடுக்குமாடிச் சங்கத்தின் லிஃப்ட், பெயின்ட் வசூல், மகனின் வீட்டுக் கடனில் கூட்டாகப் போட்ட கையெழுத்து, நகைக் கடன். உடனே எடுக்கக்கூடியது என்றால் சேமிப்புக் கணக்கும், முறிக்கக்கூடிய வங்கி டெபாசிட்டும் மட்டுமே. ஒன்றரைக் கோடி மதிப்புள்ள ஃபிளாட் இந்தக் கணக்கில் வராது. நள்ளிரவில் ஐ.சி.யூ. வாசலில் ஃபிளாட்டை விற்க முடியாது. ஃபண்டு டெபாசிட்டும், முதிர ஈராண்டு இருந்தால், வராது. ஒன்றரைக் கோடிச் சொத்துள்ள வீட்டில் மூன்று லட்சம் புரட்ட மூன்று நாள் அலைந்தவர்களை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

நகைக் கடனைத் தனியாகச் சொல்ல வேண்டும். வங்கிகள் தங்க நகை ஈட்டின்மேல் கொடுத்த கடன் 2025 மார்ச்சோடு முடிந்த ஓராண்டில் இரட்டிப்பானது. வேறு தலைப்பில் இருந்த கடன்களை இதில் மாற்றி எழுதியதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். தங்கம் விலை ஏறுவதால் அதே வளையலுக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. பெரும்பாலும் ஓராண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒருசேரக் கட்ட வேண்டிய கடன் இது. கட்ட முடியாமல் மறு அடகு வைத்து வட்டியை மட்டும் கட்டி ஓட்டுகிறோம். 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் சர்வதேசச் சந்தையில் தங்கம் 13 சதவீதம் விழுந்தது. அப்போது ஏலத்துக்குப் போன நகைகளை வீடுகள் மறந்துவிட்டன, சந்தை மறக்கவில்லை.

நாடு முழுவதும் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, 2020-21-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 2022-23-இல் 5 சதவீத அளவுக்கு இறங்கியது. தனிநபர் கடன் அளவு மீறுவதைக் கண்டு 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளின் கையைக் கட்டியது. பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ எனும் முன்பேர வணிகத்தில் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்றும், அந்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் 2024 செப்டம்பரில் செபி சொன்னது. மொபைலில் இதைச் செய்பவர் மகனாக இருக்கலாம். நஷ்டத்தை அடைக்க முறிக்கப்படுவது அப்பாவின் டெபாசிட். பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பணத்தை நிலையான வருமானமாகக் கணக்கில் எழுதியிருப்பவர்கள், 2025 செப்டம்பரில் புதிய ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்த அன்று இரவு எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஃபண்டில் இப்போது பணம் வைத்திருப்பவர் செய்யக்கூடியது உண்டு. டெபாசிட் போட்டவர் அங்கே உறுப்பினர், ஆண்டறிக்கையைக் கேட்கலாம். தரத் தயங்கினால் நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி யாரும் அதைப் பார்க்க முடியும். அதில் மொத்த டெபாசிட் எவ்வளவு, சொந்த மூலதனம் எவ்வளவு, வங்கியில் வில்லங்கமில்லாமல் இருப்பது எவ்வளவு என்ற மூன்று எண்களைத் தேடினால் போதும். பேரன் பேத்தி உதவினால் பத்து நிமிட வேலை. அறிக்கையே இரண்டு ஆண்டுகளாகத் தாக்கலாகவில்லை என்றால் அதுவே பதில். ஃபண்டு என்ற பெயரே இல்லாமல் பணம் கேட்பவரைப் பற்றி ரிசர்வ் வங்கியின் சசேத் இணையதளத்தில் பார்க்கலாம், புகாரும் தரலாம்.

வங்கியில் வைக்கும்போது ஐந்து லட்ச வரம்பு ஒரு வங்கியில் ஒரே தகுதியில் உள்ள எல்லாக் கிளைக் கணக்குகளுக்கும் சேர்த்துத்தான். கணவர் பெயரில் தனியாக ஒன்று, மனைவி பெயரில் தனியாக ஒன்று, இருவர் பெயரிலும் கூட்டாக ஒன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஐந்து லட்சம். ஆறு மாதச் செலவும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவும் அப்படிப்பட்ட கணக்கில், இருவரில் எவர் வேண்டுமானாலும் எடுக்கும்படி இருக்க வேண்டும்.

பெரும்பாலான டெபாசிட்டுகள் மாட்டிக்கொள்வது முதல் தடவை போட்டபோது அல்ல, புதுப்பித்தபோது. முதிர்வு நாளில் போனால் டீ கொடுத்து உட்கார வைத்து, இன்னும் கால் சதவீதம் கூடுதலாகத் தருகிறோம், அப்படியே தொடரட்டும் என்பார்கள். வீட்டில் இருக்கும் ரசீதுகளை இந்த வாரமே எடுத்து முதிர்வுத் தேதிகளை ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். கணக்கைக் காட்டாத இடமாக இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பாகவே, புதுப்பிக்க வேண்டாம், தொகையை என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பணம் வராமல் போனால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கும்போது ரசீதோடு சேர்த்து அந்த நகலும் சான்றாக நிற்கும்.